காதுக்குள் ஒரு கம்பெனி

போன மாதம் ஒரு நாள், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து சீட் நண்பர் குஜராத்திக்காரர், ஷேர் மார்க்கெட் புலி. டிபன் டப்பாவைத் திறக்கும் முன்பே போனை என் பக்கம் நீட்டினார். ஏதோ ஒரு சந்தை ஆய்வு அறிக்கை. செயற்கைக் கை, செயற்கைக் காது, செயற்கைக் கண், பேஸ்மேக்கர் என்று உடம்பில் பொருத்தும் பயோனிக் கருவிகளின் உலகச் சந்தை இன்னும் சில வருடங்களில் எங்கேயோ போய்விடும் என்று ஒரு கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. "இதில் பணம் போட்டால் பையனோட காலேஜ் செலவு முடிஞ்சது" என்றார்.

எனக்குச் சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் கோட்டில் ஏதோ ஒரு புள்ளியாக என் அக்கா பையனின் காதும் இருக்கிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு சூடாகிறேன் என்பது புரியும்.

அக்கா இருப்பது கோவில்பட்டியில். அத்தான் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பையனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எவர்சில்வர் தட்டு கையிலிருந்து நழுவி விழுந்து வீடே அதிர்ந்தபோது அவன் மட்டும் திரும்பவில்லை. அன்றைக்குத்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. 2013-ல், அவனுக்கு மூன்றரை வயதில், மதுரையில் அரசுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். கையிலிருந்து ஒரு பைசா செலவில்லை. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தையே விற்றாலும் அந்தக் கருவியை வாங்கியிருக்க முடியாது. இந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் குறை சொல்லப் போகிறேன்.

அறுவை முடிந்த அன்றே பேச்சு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். காயம் ஆறி, சில வாரம் கழித்துக் கருவியை இயக்கியதும் பையன் பயந்து அழுதான். அவனுக்கு அதுவரை சத்தம் என்றால் என்னவென்றே தெரியாதே! பிறகு இரண்டு வருடம், வாரம் தவறாமல் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் பஸ் ஏறினாள் அக்கா. அவன் சொன்ன முதல் வார்த்தை 'அம்மா' இல்லை, 'பஸ்'. அக்காவுக்கு இன்றுவரை அதில் ஒரு சின்ன வருத்தம் :-). நான் ஜெய்ப்பூருக்கு வந்த புதிதில் ஒரு நாள் போனில் தெளிவாக 'மாமா' என்றான். எம்.ஐ. ரோட்டின் நடுவில் நின்று அழுத ஒரே மதராசி நானாகத்தான் இருப்பேன்.

2024 அக்டோபர். அடைமழை. பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி, அதாவது பிராசஸர், அணைந்தது. பேட்டரி மாற்றினார்கள், கேபிள் மாற்றினார்கள், அரிசி டப்பாவில்கூடப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். உயிர் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் சொன்ன பதில்: "இது பழைய மாடல் சார். கம்பெனி சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. பார்ட்ஸ் வராது. புது மாடலுக்கு எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கோங்க." எக்ஸ்சேஞ்ச் போக மூன்று லட்சத்துக்கு மேல். நாங்கள் விசாரித்த எந்த இடத்திலும் அறுவைக்குப் பணம் இருந்தது, இதற்கு இல்லை.

47 நாள் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரின் வாயைப் பார்ப்பான். அவர் போர்டு பக்கம் திரும்பிவிட்டால் பாடம் முடிந்தது. தன் குரலே தனக்குக் கேட்காததால் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சைகை மொழியும் அவனுக்குத் தெரியாது. சின்ன வயதில், "சைகை பழகினால் பேச்சு வராது" என்று சொல்லிப் பழக விடாமல் தடுத்துவிட்டார்கள். சைகை மொழியோடு நிறைவாக வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. இவனுக்கு அந்தக் கதவையும் சாத்திவிட்டு, இந்தக் கதவின் சாவியை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டோம்.

அக்கா போனில் சொன்னாள்: "பொறந்ததுல இருந்தே கேக்காமலே இருந்திருந்தாலும் பழகியிருப்பான்டா. குடுத்துட்டுப் புடுங்குன மாதிரில்ல ஆயிப்போச்சு."

இந்தப் பதிவே அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சிக்கல் எங்கே என்று புரியும். காக்ளியர் இம்ப்ளான்ட்டில் இரண்டு பாகம். உள்ளே தோலுக்கு அடியில் ஒரு ரிசீவர், அதிலிருந்து நத்தை வடிவ உட்செவிக்குள் போகும் மெல்லிய மின்முனைக் கம்பி. வெளியே மைக், பிராசஸர், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டக் காயில். மைக் பிடிக்கும் சத்தத்தை பிராசஸர் குறியீடாக மாற்றி, தோல் வழியாக ரேடியோ அலையில் உள்ளே அனுப்பும். உள்பாகம் அதை மின்துடிப்பாக்கிச் செவி நரம்புக்குக் கொடுக்கும். இயற்கைக் காதில் ஆயிரக்கணக்கான மயிரிழைச் செல்கள் செய்யும் வேலையை இங்கே ஏறக்குறைய இருபது மின்முனைகள் செய்கின்றன. 1978-ல் மெல்போர்னில் பேராசிரியர் கிரேம் கிளார்க் பல மின்முனைக் கருவியை முதல் நோயாளிக்குப் பொருத்தியபோது, இது நடக்காத காரியம் என்று சொன்ன நிபுணர்கள் ஏராளம். 2022 வாக்கில் உலகம் முழுக்கப் பொருத்தப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதை அதிசயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் ஒரு கம்பெனியின் வெளிப்பாகம் இன்னொரு கம்பெனியின் உள்பாகத்தோடு பேசாது. குறியீடு ஒவ்வொருவருக்கும் தனி, அது ரகசியம். செல்போன் சரியில்லை என்றால் வேறு பிராண்டுக்குப் போகலாம். இங்கே பிராண்டை மாற்ற வேண்டுமானால் மண்டையை மறுபடி திறக்க வேண்டும். மூன்றரை வயதில், அவனைக் கேட்காமல், ஒரு கம்பெனிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டோம். விவாகரத்து கிடையாது. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்தத் தொழிலின் அமைப்பே இப்படித்தான்.)

இந்த அமைப்பில் பழைய மாடலை நிறுத்துவதே வியாபாரம்தான். இத்துறையில் உலகிலேயே பெரிய நிறுவனமான ஆஸ்திரேலியாவின் காக்ளியர், பிராசஸர் மேம்படுத்தலும் உதிரிபாகங்களும் அடங்கிய சேவைப் பிரிவைத் தனியாகவே கணக்குக் காட்டுகிறது. 2024 நிதியாண்டில் அதன் விற்பனையில் கால் பங்குக்கும் மேல் அந்தப் பிரிவிலிருந்து வந்தது. அதில் விரும்பிப் புதிது வாங்கியவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் வாங்கியவர்களும் உண்டு. நண்பர் காட்டிய கோட்டில் இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டுக்கும் பெயர் 'வளர்ச்சி'.

நம் ஏழை நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கதை இதைவிட மோசம்.

கலிபோர்னியாவில் செகண்ட் சைட் என்று ஒரு கம்பெனி. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையைச் செய்தார்கள். கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பிராசஸர், கண்ணுக்குள் 60 மின்முனைகள். 2011-ல் ஐரோப்பாவிலும் 2013-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். பரம்பரை நோயால் பார்வை இழந்தவர்களுக்கு வெளிச்சமும் நிழலும் கலந்த ஒரு சாம்பல்நிறப் பார்வை கிடைத்தது. கதவு எங்கே, ஜன்னல் எங்கே, எதிரில் ஆள் நிற்கிறாரா என்று தெரிந்தது. உலகம் முழுக்க 350 பேர் அளவில் பொருத்திக்கொண்டார்கள்.

2019-ல் கம்பெனி இந்தக் கண்ணை நிறுத்தியது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணைப் பொருத்திக்கொண்ட பலருக்கு முறையான தகவல்கூடப் போகவில்லை. 2022 பிப்ரவரியில் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தபோதுதான் உலகம் பார்த்தது. இடுப்புக் கருவி உடைந்துபோன ஒரு நெதர்லாந்துக்காரர், தானே அங்கே இங்கே தேடித்தான் மாற்றுக் கருவியைப் பிடித்தார். அதே வருடம் அந்தக் கம்பெனி இன்னொரு மருந்துக் கம்பெனியோடு இணைந்து விவானி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கம்பெனிக்கு மறுபிறவி கிடைத்துவிட்டது. கண்ணுக்குக் கிடைக்கவில்லை.

நெதர்லாந்துக்காரர் செய்ததைத்தான் எங்கள் அக்காவும் செய்தாள். பெற்றோர்கள் வாட்ஸப் குழு ஒன்றில் கேட்டுக் கேட்டு, புது மாடலுக்கு மாறிவிட்ட ஒரு கோயம்புத்தூர் குடும்பம் பீரோவில் வைத்திருந்த அதே மாடல் பழைய பிராசஸரைக் கண்டுபிடித்தாள். 12,000 ரூபாய். மதுரையில் ஆடியாலஜிஸ்ட் அம்மா ஒருவர் பையனின் அளவுகளை அதில் ஏற்றிக் கொடுத்தார். 48-ம் நாள் அவனுக்குக் காது கேட்டது. பரீட்சை எழுதினான், பாஸ் ஆனான், இப்போது பிளஸ் ஒன். ஆனால் அது இரவல் காது. அதே பழைய மாடல், அதுவும் என்றைக்காவது அணையும்.

நான் இருப்பது ஜெய்ப்பூர். செயற்கை உறுப்பு என்றாலே இந்த ஊரைச் சொல்லாமல் முடியாது. 1968-ல் இங்கே சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரிலும் மரத்திலும் ஒரு பாதத்தைச் செய்தார்கள். வெளிநாட்டுக் காலோடு சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, ஷூ இல்லாமல் நடக்க முடியாது. இதில் எல்லாம் முடியும். நம் ஊர்க்காரர்களுக்கு சுதா சந்திரன் பெயர் ஒன்று போதும். 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்து, இந்த ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறிப் பரதநாட்டியம் ஆடியவர்.

எங்கள் ஆபீஸ் வாசலில் டீ விற்கும் சாச்சாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால்தான். ரயில் விபத்து. இப்போது போட்டிருப்பது மூன்றாவது. "தேய்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு முறை கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் போல் பார்த்தார். "போவேன், அளவெடுத்து வேறு போட்டுத் தருவார்கள், சாயங்காலம் கடையைத் திறந்துவிடுவேன்" என்றார். 1975-ல் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இதை இலவசமாகச் செய்கிறது. பெரும்பாலும் வந்த அன்றைக்கே கால் தயாராகிவிடும். பாதம் ரப்பர், மேலே இருப்பது தண்ணீர்க் குழாய் செய்யும் அதே வகை பிளாஸ்டிக். ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அப்ப பயோனிக் வேண்டாம், ரப்பரே போதும் என்கிறாயா?" என்று சண்டைக்கு வராதீர்கள். ரப்பரில் காது செய்ய முடியாது. மைக்ரோ பிராசஸர் முழங்காலோ, விரல் தனித்தனியாக மடங்கும் மின்கையோ செய்யும் வேலையைச் சாதாரணக் கட்டை செய்யாது என்பதும் தெரியும். ஜெய்ப்பூர் காலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ரப்பரை அல்ல, "தேய்ந்தால் வா" என்ற அந்த வாக்கை. உடம்பில் வைக்கும் பொருளுக்கு அந்த வாக்குதான் பாதி விலை. அது இல்லாமல் விற்றால் பாதிப் பொருளைத்தான் விற்கிறோம்.

நம் அரசாங்கத்துக்கு விலையைக் கட்டுப்படுத்தத் தெரியும். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் 30,000 ரூபாய்க்குள் வந்தது. அதே ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்டென்ட் ஒருமுறை வைத்தால் முடிந்தது. அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டாம், கேபிள் மாற்ற வேண்டாம், மென்பொருள் வேண்டாம். காதும் கண்ணும் கையும் அப்படி இல்லை. அங்கே அறுவை நாளின் விலையைவிட அதற்கடுத்த முப்பது வருடத்தின் விலைதான் பெரியது. மத்திய அரசின் அடிப் திட்டம் 2014-ல் திருத்தப்பட்டபோது காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்று ஆனது. கருவிக்கும், அறுவைக்கும், ஆரம்பப் பயிற்சிக்கும் அது உதவும். அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும்போது?

இன்னொரு வேடிக்கை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு தளத்தைத் திறந்தது. நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள்: விவசாயக் கருவிகள், செல்போனும் மின்னணுப் பொருட்களும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். டிராக்டருக்கு உதிரிபாகம் கேட்கலாம், மிக்சிக்குக் கேட்கலாம், காதுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று, அரசு டெண்டர் போடும்போது கருவியின் விலையை மட்டும் கேட்காமல், 15 வருடத்துக்கான பிராசஸர், கேபிள், பேட்டரி எல்லாம் சேர்த்து விலை கேட்க வேண்டும். கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு உதிரிபாகத்தில் வசூலிக்கும் வித்தை அப்போது எடுபடாது. மொத்தமாக வாங்கும் அரசாங்கத்துக்கு இருக்கும் பேரம் பேசும் பலம், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்குக் கிடையாது. கேரளத்தின் சுருதிதரங்கம் திட்டத்தில் பழைய பிராசஸரை மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் உதவி சேர்த்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலம் செய்வதை மற்றவர்கள் செய்ய முடியாதா?

இரண்டு, உடம்புக்குள் வைக்கும் எந்த மின்கருவியும் இந்தியாவில் விற்பனைக்கு வர வேண்டுமானால், அதன் குறியீடும் வரைபடமும் மைசூரு பேச்சு-கேட்பு நிறுவனம் போன்ற ஒரு பொது நிறுவனத்திடம் மூடிய உறையில் இருக்க வேண்டும். கம்பெனி ஓடும்வரை ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும். மூடினாலோ, மாடலைக் கைவிட்டாலோ உறையைப் பிரித்து, வேறு யாராவது வெளிப்பாகம் செய்ய வழிவிட வேண்டும்.

மூன்று, நாமே செய்ய வேண்டும். முடியாதா என்ன? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு செய்த இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று அதோடு வாழ்ந்தவர்கள், வாழ்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கலாம், ஏவுகணைக்குச் செய்த இலகுவான பொருளில் போலியோ குழந்தைகளுக்குக் காலிப்பர் செய்து, மூன்று கிலோவை 300 கிராம் ஆக்கிய கதை நமக்கெல்லாம் தெரியும்.

எதிர்வாதமும் இருக்கிறது. நண்பர் சொன்னார்: "லாபம் இல்லாட்டி யார் ஆராய்ச்சி பண்ணுவாங்க? பத்து வருஷத்துக்கு முந்தைய சிப்பை இப்ப யார் தயாரிக்கிறாங்க?" நியாயம்தான். நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், பழைய வெர்ஷனைக் கட்டி அழுவது எவ்வளவு தலைவலி என்று எனக்கும் தெரியும். எங்கள் கம்பெனியும் சப்போர்ட்டை நிறுத்துகிறது. ஆனால் நாங்கள் நிறுத்தும்போது ஒருவன் வகுப்பில் செவிடாவதில்லை. பழைய சிப் கிடைக்காவிட்டால் பழைய உள்பாகத்தோடு பேசும் புது வெளிப்பாகத்தைச் செய்யலாம். பல மாடல்களுக்குக் கம்பெனிகளே அப்படித்தான் செய்கின்றன. ஆக, இது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. அந்தப் புதுப் பொருளை யார் காசில் வாங்குவது என்ற பிரச்சினை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, கண்ணாடியிலிருந்து சக்கர நாற்காலி வரை ஏதாவது ஒரு துணைக்கருவி தேவைப்படுகிறவர்கள் உலகில் 250 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே சந்தை வளரட்டும், வளரத்தான் வேண்டும். எத்தனை பேருக்குப் பொருத்தினோம் என்பது ஒரு கணக்கு. பொருத்தியதில் எத்தனை இன்றைக்கும் வேலை செய்கிறது என்பது இன்னொரு கணக்கு. அந்த இரண்டாவது கோட்டையும் யாராவது வரைந்து காட்டினால் நானும் இரண்டு ஷேர் வாங்குகிறேன்.

நேற்று ராத்திரி பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி ஆனதும், "மாமா, வைக்கிறேன். காதைக் காயப் போடணும்" என்றான். தினமும் ராத்திரி பிராசஸரைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்து மூடிவிட்டுத்தான் படுக்கிறான். பத்து நிமிஷம் அதிகமாகப் பேசினால்கூட அதற்குத் தேய்மானம் என்று அவனுக்கு ஒரு பயம்.

டிஸ்கி: உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ புது மாடலுக்கு மாறிய பிறகு பழைய பிராசஸர் சும்மா கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் கொடுத்து வையுங்கள். எங்கேயோ ஒரு பையன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான்.